ஓரியைப் பற்றி இன்னும் எத்தனை பாட்டு இருந்திருக்கும்?



வல்வில் ஓரி விழாவையொட்டி நான் போட்ட பதிவைப் படித்துவிட்டு நம் சோளக்காட்டு மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: "சார், ஓரியைப் பற்றி மொத்தமே இவ்வளவுதான் பாட்டா? இன்னும் இருந்து தொலைந்து போயிருக்குமா? தொலைந்தது என்றால் அது எப்படித் தெரியும்? இல்லாததை யாரால் எண்ண முடியும்?"

நல்ல கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. நம் தமிழ் அறிஞர்கள் இந்தக் கேள்விக்காகவே ஆயுளில் பாதியைச் செலவழித்திருக்கிறார்கள். பதிவு கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைதானே, உட்கார்ந்து படியுங்கள்.

முதலில், கையில் இருப்பது என்ன?

புறநானூற்றில் 152, 153 ஆகிய இரண்டு பாட்டுகளில் வன்பரணர் ஓரியைப் பாடியிருக்கிறார். ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் கடந்து உடும்பில் போய்த் தைத்தது என்று நான் வகுப்பில் சொல்வேனே, அது 152. பிறகு 204-ஆம் பாட்டு, கழைதின் யானையார் பாடியது. இவை தவிர குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு ஆகியவற்றில் காதல் பாட்டுகளுக்கு நடுவே உவமையாக ஓரியும் கொல்லிமலையும் கொல்லிப்பாவையும் வருகின்றன. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரருக்குக் கொடுத்த செய்தி நமக்கு அகநானூற்று 209-ஆம் பாட்டில் கிடைக்கிறது. சிறுபாணாற்றுப்படை கடையெழு வள்ளல்களில் ஒருவராக ஓரியைச் சொல்கிறது.

இதுதான் கையில் உள்ள பட்டியல். இந்த ஒரு பட்டியலை மட்டும் நூறு முறை படித்தாலும், இதில் எது விடுபட்டது என்று தெரியாது. விடுபட்டதைக் காட்ட இன்னொரு பட்டியல் வேண்டும்.

இது நம் பள்ளிக்கூடத்திலேயே பார்த்த விஷயம்தான். பள்ளி திறப்பதற்கு முன்னால் ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய்ப் பள்ளி வயதுப் பிள்ளைகளைக் கணக்கெடுப்போம். அது ஒரு பதிவேடு. பள்ளியில் சேர்ந்தவர்களுக்குச் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது. அது இன்னொன்று. சேர்க்கைப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், எல்லாரும் வந்துவிட்டதுபோல் தோன்றும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, பென்சிலால் ஒவ்வொரு பெயராக டிக் போட்டுக்கொண்டே வந்தால், முதல் பதிவேட்டில் டிக் விழாத பெயர் ஒன்றிரண்டு நிற்கும். பெற்றோரோடு காப்பித் தோட்ட வேலைக்கு வெளியூர் போன பிள்ளை, தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்ட பெண்பிள்ளை என்று அந்தப் பெயர்களில்தான் எங்களுக்கு வேலையே இருக்கும்.

கம்ப்யூட்டர் படித்து பெங்களூரு, சென்னை என்று இருக்கிற நம் பிள்ளைகளுக்கு இது தெரிந்த கணக்கு. 1970-ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் என்பவர், தகவலை அட்டவணைகளாகப் பிரித்து வைத்து, பொதுவான ஒரு கட்டத்தின் வழியே அவற்றை இணைக்கலாம் என்று எழுதினார். இன்று வங்கி, ரேஷன் கடை, ரயில் டிக்கெட் எல்லாம் அந்த ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன. ஓர் அட்டவணையில் இருந்து இன்னொன்றில் இல்லாத வரிகளை எடுக்க 'லெஃப்ட் ஜாயின்' போட்டு, வலது பக்கம் வெறுமையாக வருகிற வரிகளைப் பிடிப்பார்களாம். நாங்கள் பென்சிலால் போட்ட டிக்தான் அது.

தமிழ் நூல்களுக்கு இந்த டிக் போடும் வேலையை எப்படிச் செய்தார்கள் என்பதுதான் இன்றைய பாடம்.

இரண்டாவது பட்டியல் எங்கே கிடைத்தது?

தொலைந்த நூலின் பெயரே நமக்குத் தெரியாது என்றால் ஒன்றும் செய்ய முடியாது. நல்லவேளையாக நம் முன்னோர்கள் மூன்று இடங்களில் தடயம் விட்டுப் போயிருக்கிறார்கள்.

முதல் தடயம் எண். பழைய தொகை நூல்களின் பெயரிலேயே கணக்கு இருக்கிறது. புறநானூறு என்றால் 400 பாட்டு. உ.வே. சாமிநாதையர் 1894-இல் அதை அச்சிட்டபோது 267, 268 என்ற இரண்டு எண்களுக்கு நேராகப் பாட்டு இல்லை. ஐங்குறுநூறு 500. அதில் 129, 130 இல்லை. பதிற்றுப்பத்து என்றால் பத்துப் பத்தாக நூறு. 1904-இல் அவர் அதை வெளியிட்டபோது முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்கவில்லை, எண்பதுதான் கிடைத்தது. தலைப்பில் 'பத்து' என்ற சொல் இல்லாதிருந்தால், இரண்டாம் பத்தையே முதல் பத்து என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்போம்.

பரிபாடல் இன்னும் தெளிவான உதாரணம். எந்தப் பொருளில் எத்தனை பாட்டு என்று சொல்கிற பழைய வெண்பா ஒன்று உண்டு. உ.வே.சா. 1918-இல் பதிப்பித்த பாடல்களை அதோடு ஒப்பிட்டால் இப்படி வரும். நோட்டில் எழுதிப் பாருங்கள்:

திருமால்: இருந்தது 8, முழுமையாகக் கிடைத்தது 6
முருகன்: இருந்தது 31, கிடைத்தது 8
வையை: இருந்தது 26, கிடைத்தது 8
கொற்றவை: இருந்தது 1, கிடைத்தது 0
மதுரை: இருந்தது 4, கிடைத்தது 0
மொத்தம்: இருந்தது 70, கிடைத்தது 22

மீதி 48. அவற்றில் சில துண்டுகள் மட்டும் உரைகளிலும் திரட்டுகளிலும் ஒட்டிக்கொண்டு தப்பின. மதுரையைப் பற்றிய நாலு பாட்டில் ஒன்றுகூட முழுசாக இல்லை. அந்த ஒரு வெண்பா இல்லாவிட்டால், பரிபாடலில் மதுரைக்கென்று தனியாக நாலு பாட்டு இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது.

இரண்டாம் தடயம் உரைகள். இலக்கணத்துக்கோ காப்பியத்துக்கோ உரை எழுதினவர்கள், சும்மா எழுதவில்லை. "இன்ன நூலில் இப்படி வருகிறது" என்று எடுத்துக்காட்டிக்கொண்டே போவார்கள். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் நம் கொங்கு நாட்டு நிரம்பையைச் சேர்ந்தவர் என்று சொல்வார்கள். ஏறக்குறைய எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தியவர். அவர் ஒரு வேலை செய்தார். இசைக்கும் நாடகத்துக்கும் பழைய நூல்கள் எவை, அவற்றில் மறைந்தவை எவை, முழுசாகக் கிடைக்காதவை எவை, தமக்குக் கிடைத்தவை எவை என்று தம் உரையின் முன்பகுதியிலேயே பிரித்துச் சொல்லிவிட்டார். பரதம், அகத்தியம் முதலானவை மறைந்துவிட்டன. முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் ஆகியவை முழுமையாக இல்லை. அதனால் இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத் தமிழ்நூல் ஆகிய ஐந்தை வைத்துக்கொண்டு உரை எழுதுகிறேன் என்கிறார்.

கவனியுங்கள். அவர் காலத்திலேயே ஒரு தொலைந்த பட்டியல் இருந்தது. அவர் "என்னிடம் இருக்கிறது" என்று சொன்ன அந்த ஐந்தும் நம் காலத்துக்குள் கண்ணில் படாமல் போயின. (இதில் ஒரு நல்ல செய்தி உண்டு, பிறகு சொல்கிறேன்.) அவருடைய உரையே முழுமையாக இல்லை, வஞ்சிக் காண்டத்துக்கு உரை கிடைக்கவில்லை. அந்தப் பகுதியில் அவர் இன்னும் எந்தெந்த நூல்களின் பெயரைச் சொல்லியிருப்பாரோ! தொலைந்ததைச் சொல்ல வேண்டிய பட்டியலிலேயே சில பக்கங்கள் இல்லை.

மூன்றாம் தடயம் கல்வெட்டுகள். தஞ்சைப் பெரிய கோயிலில் 'இராசராசேச்சுவர நாடகம்' நடிப்பதற்கு நெல் கொடுத்ததை இரண்டாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. திருப்பாதிரிப்புலியூர்க் கல்வெட்டு ஒன்று கன்னிவன புராணம், பூம்புலியூர் நாடகம் என்ற நூல்களின் பெயரைச் சொல்கிறது. நெல்லுக்குக் கணக்கு இருக்கிறது. நடித்த நாடகம் இல்லை.

இந்த மூன்று தடயங்களையும் சேர்த்து உட்கார்ந்து டிக் போட்டவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அவர் மயிலை சீனி. வேங்கடசாமி. 1900-இல் சென்னை மயிலாப்பூரில் பிறந்து 1980-இல் மறைந்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, மீதி நேரம் முழுவதும் நூலகத்திலும் கல்வெட்டுத் தொகுதிகளிலும் கிடந்தவர். 1959-இல் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்று ஒரு புத்தகம் வெளியிட்டார்.

அது என்ன மாதிரிப் புத்தகம் தெரியுமா? உரையாசிரியர்கள் சொன்ன நூற்பெயர்கள், கல்வெட்டில் வந்த நூற்பெயர்கள் இவற்றையெல்லாம் ஒரு பக்கம் வைத்துக்கொண்டார். அச்சிலும் ஏட்டிலும் கிடைக்கிற நூல்களை இன்னொரு பக்கம் வைத்துக்கொண்டார். இரண்டிலும் இருப்பதைத் தள்ளிவிட்டு, முதல் பக்கம் மட்டும் இருப்பதை எழுதினார். அகப்பொருள், புறப்பொருள், இசை, நாடகம், இலக்கணம் என்று வகை பிரித்தார். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் அந்த நூலை யார் எங்கே மேற்கோள் காட்டினார், தப்பிப் பிழைத்த வரிகள் எவை என்று ஒன்றுவிடாமல் சேர்த்தார். கம்ப்யூட்டர் கிடையாது. கையெழுத்துக் குறிப்பும் ஞாபகசக்தியும்தான்.

இந்த முறை நமக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். ரோமாபுரி வரலாற்றை லிவி என்பவர் 142 பகுதிகளாக எழுதினார். இன்று கிடைப்பது 35. மற்றவற்றில் என்ன இருந்தது என்று எப்படித் தெரியும்? பழங்காலத்தில் யாரோ ஒவ்வொரு பகுதிக்கும் சிறு சுருக்கம் எழுதி வைத்தார்கள், அது பிழைத்தது. அந்தச் சுருக்கத்திலும் இரண்டு பகுதிகளுக்கு இல்லை. உலகம் முழுக்க இதே கதைதான்.

டிக் போடுவதில் உள்ள கண்ணிகள்

வேலை சுலபம் போலத் தெரியும். பெயரும் பெயரும் பொருந்துகிறதா என்று பார்ப்பதுதானே? அங்கேதான் கண்ணி இருக்கிறது. மூன்று கண்ணிகளைச் சொல்கிறேன்.

ஒன்று, ஒரே ஆளுக்கு இரண்டு பெயர். வீட்டில் கூப்பிடுவது ஒரு பெயர், பள்ளியில் எழுதினது ஒரு பெயர் என்று நம் ஊரில் எத்தனை பேர்! கணக்கெடுப்பில் 'சின்னப்பொண்ணு', சேர்க்கையில் வேறு பெயர். பெயரை மட்டும் பார்த்தால் பிள்ளை பள்ளிக்கே வரவில்லை என்று ஆகிவிடும். நூல்களும் அப்படித்தான். சீவக சிந்தாமணிக்கு மணநூல் என்றும் பெயர். இறையனார் அகப்பொருளுக்குக் களவியல் என்றும் பெயர். கொங்குவேளிர் எழுதிய பெருங்கதைக்கு உதயணன் கதை என்றும் பெயர். உரையில் ஒரு பெயர், ஏட்டில் ஒரு பெயர் என்றால் இருக்கிற நூலைத் தொலைந்த நூல் என்று எழுதிவிடுவோம்.

இரண்டு, இரண்டு ஆளுக்கு ஒரே பெயர். ஒரே வகுப்பில் மூன்று பழனிசாமி இருந்தால் ஒருவன் வந்ததை வைத்து மூன்று பேருக்கும் டிக் போட்டுவிடுவோம். சங்க காலத்தில் ஔவையார் ஒருவர். ஆத்திசூடி பாடிய ஔவையார் பல நூற்றாண்டுகள் பிந்தியவர். கபிலர் என்ற பெயரிலும் அப்படியே குழப்பம் உண்டு. பெயர் பொருந்திவிட்டது, சரி என்று அடுத்த வரிக்குப் போனால், உண்மையில் காணாமல் போனவர் கண்ணில் படாமலே போய்விடுவார்.

மூன்றாவது கண்ணி கொஞ்சம் நுட்பமானது. அது வெற்றுக் கட்டம்.

சங்கப் பாட்டுகளில் சிலவற்றைப் பாடியவர் பெயர் தெரியாது. வேறு சிலருக்கு உண்மைப் பெயர் தெரியாமல், தொகுத்தவர்கள் பாட்டில் வரும் அழகான தொடரையே பெயராக வைத்துவிட்டார்கள். செம்புலப்பெயனீரார், தேய்புரிப்பழங்கயிற்றினார் எல்லாம் அப்படி வந்த பெயர்கள். நம் ஓரியைப் பாடிய கழைதின் யானையாரை எடுத்துக்கொள்ளுங்கள். 'மூங்கில் தின்கிற யானை' என்று பெற்றோர் பெயர் வைத்திருப்பார்கள் என்று தோன்றவில்லை. அவர் யார்? வேறு பெயரில் நமக்குத் தெரிந்த புலவர்தானா? சொல்ல முடியாது.

இப்போது யோசியுங்கள். ஒரு புலவரின் பெயரைச் சொல்லி, "இவர் ஓரியைப் பாடவில்லை" என்று நான் உறுதியாகச் சொல்ல முடியுமா? பெயர் தெரியாத ஒரு பாட்டு பட்டியலில் இருக்கும் வரை முடியாது. அது அவருடையதாகவே இருக்கலாமே! கம்ப்யூட்டரும் இதே பிடிவாதம் பிடிக்கும் என்று நம் மாணவர் ஒருவர் விளக்கினார். முதல் பட்டியலில் இருந்து இரண்டாம் பட்டியலில் இல்லாதவற்றைக் கொடு என்று 'நாட் இன்' போட்டுக் கேட்டால், இரண்டாம் பட்டியலில் ஒரே ஒரு கட்டம் வெற்றாக இருந்தாலும் போதும், ஒரு வரிகூடத் தராதாம். "அந்த வெற்றுக் கட்டத்தில் யார் இருக்கிறாரோ எனக்குத் தெரியாது, ஆகையால் யாரையும் இல்லை என்று சொல்ல மாட்டேன்" என்பது அதன் நியாயம். அதற்கு 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' என்று வேறு விதமாகக் கேட்க வேண்டுமாம். இயந்திரத்துக்குள் இவ்வளவு தர்க்கம் வைத்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். "தெரியாது" வேறு, "இல்லை" வேறு. பட்டியல் போடுகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இது.

தகடூர் யாத்திரை

இனி நம் மலைக்கு நெருங்கிய ஒரு நூலைப் பார்ப்போம். ஓரி இறந்தபின் கொல்லி சேரர் கைக்குப் போனது. பெருஞ்சேரல் இரும்பொறை என்ற சேர மன்னன் அதியமானின் தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, முற்றுகையிட்டு வென்றான். அவனைத்தான் அரிசில்கிழார் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடினார். கொல்லிக் கூற்றத்தில் நடந்த போரை அந்தப் பத்தின் பதிகம் சொல்கிறது.

அந்தத் தகடூர்ப் போரை மட்டும் பொருளாகக் கொண்டு தனியாக ஒரு நூல் இருந்தது. பெயர் தகடூர் யாத்திரை. உரையும் பாட்டும் கலந்தது. பழைய உரையாசிரியர்கள் அதிலிருந்து மேற்கோள் காட்டுகிறார்கள். புறத்திரட்டு என்ற பழைய தொகுப்பில் அதிலிருந்து 40-க்கு மேற்பட்ட பாட்டுகள் இருக்கின்றன. அந்தப் புறத்திரட்டை எஸ். வையாபுரிப் பிள்ளை பதிப்பிக்க, சென்னைப் பல்கலைக்கழகம் 1938-இல் வெளியிட்டது. முத்தொள்ளாயிரம் என்ற நூலிலும் நமக்குக் கிடைத்த நூற்றுச் சொச்சம் பாட்டில் பெரும்பகுதி இந்தத் திரட்டின் புண்ணியம்தான்.

முழு நூல் எங்கே? திருநெல்வேலியில் ஒரு வீட்டில் தகடூர் யாத்திரை ஏட்டைப் பார்த்ததாகவும், பின்னால் தேடிப் போனபோது அது கிடைக்கவில்லை என்றும் உ.வே.சா. வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். நம் தாத்தாவுக்குத் தாத்தா காலம் வரை ஒரு வீட்டில் இருந்திருக்கிறது, பிள்ளைகளா! கொல்லியைப் பற்றியும் அதைச் சுற்றியிருந்த மக்களைப் பற்றியும் அதில் என்னென்ன இருந்திருக்கும்?

பத்தாம்பத்தும் அப்படியே. 7, 8, 9 ஆகிய மூன்று பத்துகளும் சேரரில் இரும்பொறை மரபினரைப் பாடுகின்றன. கொல்லியோடு தொடர்புள்ள கிளை அது. பத்தாவதும் அதே கிளையில் அடுத்து வந்தவனைப் பாடியிருக்கலாம் என்று அறிஞர்கள் சிலர் ஊகிக்கிறார்கள். ஊகம்தான். பாட்டோடு பதிகமும் போய்விட்டதால், பாடியவர் பெயரும் இல்லை, பாடப்பட்டவர் பெயரும் இல்லை. எண் மட்டும் நிற்கிறது, அதற்கு நேராக எல்லாக் கட்டமும் வெறுமை.

ஆக மாணவிக்கு என் பதில்: ஓரியைப் பற்றி இன்னும் பாட்டு இருந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நம் மலையைப் பற்றிப் பேச வாய்ப்பிருந்த இரண்டு இடங்கள் வெறுமையாக இருக்கின்றன என்று உறுதியாகச் சொல்லலாம். இது சின்ன விஷயம் இல்லை. எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டது அல்லவா?

எப்படித் தொலைந்தன?

பனை ஓலை நம் ஊர் ஈரத்திலும் கரையானிலும் சில நூறு ஆண்டுகளுக்கு மேல் தாங்காது. படி எடுத்துக்கொண்டே இருந்தால்தான் நூல் வாழும். படி எடுக்கிறவர் ஒரு தலைமுறை நிறுத்தினால் போச்சு. அதற்கு மேல் நாமும் சேர்ந்து அழித்தோம். ஆடிப்பெருக்கன்று பழைய ஏடுகளை ஆற்றில் விடுகிற வழக்கம் இருந்தது. நாம் செம்மேட்டில் ஓரிக்கு விழா எடுக்கிற அதே நாள்! கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் குவியலாக ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு உ.வே.சா. போனார். பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் போட்டுவிட்டோம் என்று அங்கே சொன்னார்கள். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. சாத்திரப்படி மரியாதையாகத்தான் எரித்தார்கள். அந்தக் குவியலில் என்ன இருந்தது என்று ஒரு தாளில் பெயரை எழுதி வைத்திருந்தால்கூட, இன்று மயிலை சீனியின் பட்டியலில் நாலு வரி கூடியிருக்கும்.

இப்போது அந்த நல்ல செய்தி. அடியார்க்குநல்லார் கையில் வைத்திருந்த ஐந்து நூல்களில் பஞ்சமரபு ஒன்று. மயிலை சீனி காலத்தில் அது தொலைந்த நூல்தான். ஆனால் கொங்கு நாட்டுக்காரர் ஒருவர், வே.ரா. தெய்வசிகாமணிக் கவுண்டர், அதன் ஏட்டைக் கண்டெடுத்து 1970-களில் அச்சில் கொண்டுவந்தார். கையில் வந்த ஏடு இன்ன நூல் என்று எப்படி உறுதிப்படும்? பழைய உரையில் பஞ்சமரபு என்று மேற்கோள் காட்டிய வெண்பாக்கள் இருக்கின்றன. அவற்றை ஏட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பட்டியலும் மேற்கோளும் இல்லாதிருந்தால், அந்த ஏடு யார் கையில் கிடைத்தாலும் ஏதோ பழைய ஓலை என்று பரணில் போட்டிருப்பார்கள். தொலைந்தவற்றின் பட்டியலை எழுதி வைப்பதால் இந்தப் பயன் உண்டு. கிடைக்கும்போது அடையாளம் தெரியும்.

நம் மலையில் இப்போது செய்ய வேண்டிய பட்டியல்

இந்தக் கதையை ஏன் இவ்வளவு நீட்டினேன் என்றால், இதே போல ஒரு தொலைதல் நம் கண் முன்னால் சோளக்காட்டிலும் சுற்றியுள்ள நாடுகளிலும் நடந்துகொண்டிருக்கிறது.

உங்கள் பாட்டிமார் கேழ்வரகு என்று பொதுவாகச் சொல்ல மாட்டார்கள். பெருங்கேழ்வரகு, சுருட்டைக் கேழ்வரகு, சட்டைக் கேழ்வரகு என்று பிரித்துத்தான் சொல்வார்கள். சாமையில் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை. தினையில் செந்தினை, பெருந்தினை, மூக்காந்தினை. எந்த வகை எந்தக் காட்டுக்கு ஆகும், எது எத்தனை மாதப் பயிர், எது மழை குறைந்தாலும் தாங்கும் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைத்திருந்தார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களிலிருந்து நம் மலையில் வேலை செய்து, இந்தப் பெயர்களைப் பதிவு செய்து, ஊர்களில் விதை வங்கிகள் அமைக்க உதவியிருக்கிறார்கள். அது நமக்குக் கிடைத்த அடியார்க்குநல்லார் பட்டியல் மாதிரி.

ஆனால் வயலில் என்ன இருக்கிறது? அடிவாரத்துச் சவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி வந்தது. மிளகு, காப்பி வந்தன. காசு வந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காசில்தான் நீங்கள் பலர் கல்லூரிக்குப் போனீர்கள். சாமையை உரலில் குத்திப் புடைத்துப் பெண்கள் பட்ட பாட்டை நினைத்தால், ரேஷன் அரிசியை விரும்பியதிலும் தப்பில்லை. ஆனாலும் விதைப்பு ஒரு தலைமுறை நின்றால் விதையும் போச்சு, பெயரும் போச்சு. ஓலைக்குப் படி எடுப்பது போலத்தான் விதையும். ஆண்டுக்கு ஆண்டு போட்டு எடுத்தால்தான் உயிரோடு இருக்கும்.

அதனால் உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். வயதாகிவிட்டது என்று தப்பிக்க முடியாது.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறீர்கள். ஒரு நோட்டில் இரண்டு பக்கம் போடுங்கள். இடது பக்கம், வீட்டில் மூத்தவர் யாரோ அவரிடம் கேட்டு, அவர் சின்ன வயதில் விதைத்த எல்லாப் பயிரின் பெயரையும் எழுதுங்கள். சிறுதானியம், மொச்சை, அவரை, காட்டுக் கிழங்கு, வாழை எல்லாம். வலது பக்கம், இந்த ஆண்டு உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ உண்மையில் விதைத்திருப்பதை எழுதுங்கள். பிறகு டிக் போடுங்கள்.

டிக் விழாத பெயருக்கு நேரே நாலு விவரம் குறியுங்கள். கடைசியாக எந்த ஆண்டு விதைத்தது? யார் வீட்டில்? பார்க்க எப்படி இருக்கும்? எதற்காக நிறுத்தினார்கள்? மேலே சொன்ன கண்ணிகளையும் மறக்க வேண்டாம். வளப்பூர் நாட்டில் ஒரு பெயர், அரியூர் நாட்டில் இன்னொரு பெயர் இருக்கலாம். கதிரின் நிறமும் வடிவமும் எழுதியிருந்தால்தான் இரண்டும் ஒன்றா வேறா என்று பின்னால் ஒத்துப் பார்க்க முடியும். பாட்டிக்கு ஞாபகம் வரவில்லை என்றால் "இல்லை" என்று எழுதாதீர்கள். "தெரியவில்லை" என்று எழுதுங்கள். பக்கத்து ஊர்ப் பாட்டிக்குத் தெரிந்திருக்கும்.

வலது பக்கத்தில் மட்டும் இருந்து இடது பக்கத்தில் இல்லாதவற்றையும் தனியாக எழுதுங்கள். அவை புதிதாக வந்தவை. எப்போது, யார் கொண்டுவந்தார்கள் என்று எழுதினால் அதுவும் நம் மலையின் வரலாறுதான்.

நூல் தொலைந்தால் மேற்கோள் வரியாவது மிஞ்சும். விதைக்கு அப்படி இல்லை. ஆனால் யார் வீட்டுப் பரணில், எந்தப் பானையில் ஒரு பிடி மிச்சம் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பெயர் எழுதி வைத்திருந்தால், அந்தப் பிடி கையில் கிடைக்கிற நாளில் அது என்னவென்று நமக்குத் தெரியும்.

நோட்டில் எழுதியதைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், அல்லது இந்தப் பதிவின் கீழேயே போடுங்கள். ஊர் வாரியாக நான் சேர்த்து எழுதி வைக்கிறேன். எண்பது வயதுக்கு மேற்பட்டவர் வீட்டில் இருந்தால் பொங்கல் வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே போன் செய்து கேளுங்கள்.